வெண்டிக்காய் முத்திரைகள்

கொக்குவில் வீட்டுக் குசினியில் கறிக்கு அரிந்ததுபோக எஞ்சும் வெண்டிக்காயின் காம்புப் பகுதியைக் குறுக்கே வெட்டி, துணியால் ஈரமொற்றி, நீர் அதிகம் கலவாத வர்ணத்தில் தோய்த்து, படங்கள் ஒட்டும் ஏட்டின் தாளில் மெல்ல அழுத்தினால், பெரும்பாலும் ஐந்து இதழ்களுடைய புஷ்பமொன்று பிரத்தியட்சமாகும். வாழைமட்டையின் வெட்டுமுகமோ, நுண்ணிய அறைகள் நிரம்பிய பிறைவடிவம். என் அபிப்பிராயத்தில் இதுவே அதிசுந்தரம். உருளைக்கிழங்கில் எழுத்துச் செதுக்குவோர் அதனை இடம்வலம் மாற்றியே செதுக்கவேண்டும். அயலூராகிய வண்ணார்பண்ணையில் 1849இல் ஆறுமுக நாவலர் ஸ்தாபித்த அச்சுக்கூடத்தில் கோக்கப்பட்ட எழுத்துக்களுக்கும் விதி இதுவேயன்றோ! கிழங்கு விரைவிலே சுருங்கிவிடுமாதலால், நிலைத்த முத்திரையை விரும்புவோர் பழைய இறப்பர்ச் செருப்பின் அடியை வேண்டிய உருவில் கத்தரித்துப் போத்தல் மூடியில் ஒட்டிக்கொள்ளலாம்.