செத்த மாட்டை அறுக்காதீர்கள்

நேற்று மாலை வரை மேய்ந்த மாடு விடிந்தால் செத்துக் கிடக்கிறது. வயிறு உப்பியிருக்கிறது, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம். பாம்பு தீண்டியிருக்கும் என்று யாராவது சொல்வார்கள். அடைப்பான் நோயாகவும், அதாவது ஆந்த்ராக்ஸாகவும், இருக்கலாம். அப்படிச் செத்ததைத் தோலுரித்துக் கறியைப் பங்கு போடும்போதுதான் மனிதருக்கு இந்நோய் பெரும்பாலும் தொற்றுகிறது. ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் இது மீண்டும் மீண்டும் நடந்திருக்கிறது.

அறுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. மூடிய உடலுக்குள் காற்று இல்லாததால் இந்தக் கிருமி, உடல் அழுகும்போது பெரும்பாலும் அழிந்துவிடும். கத்தி பட்டுக் காற்று புகுந்தால், தடித்த ஓடு போர்த்த வித்தாக மாறிக்கொள்ளும். அந்த வித்து மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். சாதாரணச் சமையல் சூட்டுக்கும் அசையாது. 2016இல் ரஷ்யாவின் யமால் பகுதியில் கடும் வெயிலில் உறைமண் உருகியபோது பழைய வித்துகள் வெளிவந்ததாகக் கருதப்படுகிறது. 2,000க்கும் மேற்பட்ட கலைமான்களும் 12 வயதுச் சிறுவன் ஒருவனும் இறந்தார்கள்.

மனிதரிடம் மிகுதியாகக் காண்பது தோல் ஆந்த்ராக்ஸ். கையிலோ முகத்திலோ பூச்சி கடித்ததுபோல் அரிக்கும் தடிப்பு வரும். அது கொப்புளமாகி, நடுவில் கரிபோல் கறுத்த பொருக்கு கட்டும். சுற்றிலும் நன்றாக வீங்கும், ஆனால் புண் வலிக்காது. வலிக்காததாலேயே பலர் அலட்சியம் செய்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் ஐந்தில் ஒருவர் வரை இறக்கக்கூடும். மருந்து எடுத்தால் சாவு மிக அரிது.

நோயுற்ற மாட்டின் கறியைத் தின்றால் குடலைத் தாக்கும்: வாந்தி, வயிற்றுவலி, ரத்தபேதி. வித்தைச் சுவாசித்தால் நுரையீரல் வகை. அதுதான் மிகக் கொடியது. சளிக்காய்ச்சல்போல் தொடங்கி, திடீரென மூச்சுத்திணறலில் முடியும். 2001இல் அமெரிக்காவில் தபாலில் வந்த ஆந்த்ராக்ஸ் பொடியால் 22 பேர் பாதிக்கப்பட்டார்கள்; இறந்த ஐவருக்கும் வந்தது இந்த வகைதான். இருமலால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவாது என்பது ஓர் ஆறுதல்.

தோல் வகைக்குச் சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற சாதாரண மருந்துகளே போதும், சீக்கிரம் தொடங்கினால். மாடு திடீரென்று செத்தால் தொடாமல், நாய்களை அண்டவிடாமல், கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். அவர் மாட்டின் காதிலிருந்து ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்ப்பார். பிறகு ஆழக் குழிவெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பார்கள். ஏற்கெனவே தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தடிப்போ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் முதலில் அந்த மாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவராக ஊகிப்பது கடினம்.