ஏறுபடி

நுழையும்முன்

விளையாட்டுச் செய்திகளில் முதலிடம் பெறுவன பெருங்கோப்பைகளும் புகழ்பெற்ற வீரர்களுமே. நாளிதழின் ஓரத்தில் சிற்றெழுத்தில் அச்சாகும் போட்டிகளும் உண்டு. ஸ்பெயின் நாட்டின் இரண்டாம் அடுக்குக் கூடைப்பந்துத் தொடர் அத்தகையது. களத்தில் வென்றவர்க்கு மேலேறும் உரிமை தானே கிடைத்துவிடுமா, அவ்வுரிமைக்கும் ஒரு விலை உண்டா என்னும் வினாவை அத்தொடரின் வரலாறு நம்முன் வைக்கிறது.

பள்ளியில் பிறந்த விளையாட்டு

1891ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில், உடற்கல்வி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்து விளையாட்டை உருவாக்கினார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அது ஸ்பெயினில் வேரூன்றியது. கியூபாவில் பணியாற்றித் திரும்பிய எவ்செபியோ மில்யான் என்னும் பாதிரியார், பார்சலோனாவில் தம் பள்ளி மாணவர்க்கு இவ்விளையாட்டைப் பயிற்றுவித்தார். 1923இல் ஸ்பெயின் கூடைப்பந்துக் கூட்டமைப்பு அமைந்தது. 1957இல் தேசிய லீக் தொடங்கியது.

1980களில் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்தது. முன்னணிக் கழகங்கள் ஒன்றுகூடி ஏ.சி.பி. என்னும் தனிச் சங்கத்தை நிறுவின. 1983ஆம் ஆண்டு முதல் நாட்டின் உயர்நிலைத் தொடரை அச்சங்கமே நடத்திவருகிறது. அதற்கு அடுத்த அடுக்குகள் கூட்டமைப்பின் பொறுப்பில் நின்றன. மேல்தளம் ஒருவர் கையிலும் கீழ்த்தளம் மற்றொருவர் கையிலும் உள்ள வீட்டில் இடைப்பட்ட படிக்கட்டு யாருக்கு உரியது? பின்னாளில் எழுந்த சிக்கல்கள் பலவற்றுக்கும் இவ்வினாவே அடிப்படை.

அடுக்குகளின் அமைப்பு

இரண்டாம் அடுக்கு 1996இல் எல்.இ.பி. என்னும் பெயரில் புதிதாக அமைக்கப்பட்டது. 2007இல் கீழ் அடுக்குகளுக்கு உலோகங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. இரண்டாம் அடுக்கு 'ஓரோ' எனவும், மூன்றாம் அடுக்கு 'பிளாட்டா' எனவும் வழங்கின. இவை முறையே பொன், வெள்ளி எனப் பொருள்படும். அப்போது தோன்றிய வெண்கல அடுக்கு இரண்டே பருவங்களில் மறைந்தது. 2024இல் இப்பெயர்கள் மாற்றப்பட்டன; இரண்டாம் அடுக்கு இன்று 'பிரிமேரா எப்.இ.பி.' எனப்படுகிறது. 'பிரிமேரா' என்பதற்கு 'முதலாவது' என்பது பொருள். பெயரில் முதலாவதாயினும் நாட்டின் வரிசையில் அது இரண்டாவதே.

அமெரிக்காவின் என்.பி.ஏ. தொடரில் அணிகள் நிலையானவை. கடைசி இடம் பெற்ற அணியும் மறு ஆண்டு அதே தொடரில் ஆடும். ஸ்பெயினில் அவ்வாறன்று. உயர்நிலைத் தொடரின் இறுதி இரு இடங்களைப் பெறும் அணிகள் கீழிறங்க வேண்டும். இரண்டாம் அடுக்கில் முதலிடம் பெறும் அணி நேரே மேலேறும். இரண்டு முதல் ஒன்பது வரையிலான இடங்களைப் பெற்ற அணிகள் தமக்குள் மோதி, எஞ்சிய ஓரிடத்திற்குப் போட்டியிடும். ஆகவே, பருவத்தின் கடைசி வாரம் வரை நடுவிடத்தில் உள்ள அணிக்கும் நம்பிக்கை உண்டு. முன்னணியில் உள்ள அணிக்கும் அச்சம் உண்டு.

சிறு நகரங்களின் பெருமை

மாட்ரிட், பார்சலோனா ஆகிய மாநகரங்களின் புகழ் உலகறிந்தது. இரண்டாம் அடுக்கின் உயிர்நாடியோ சிறு நகரங்களில் துடிக்கிறது. ஒரு லட்சம் மக்கள்கூட இல்லாத பாலென்சியாவும், உரோமானியர் எழுப்பிய மதிலால் சூழப்பட்ட லூகோவும் இத்தொடரால் நாடெங்கும் அறியப்பட்டன. லூகோவின் அணிக்கு ப்ரெயோகான் என்று பெயர். இது கலீசியா பகுதியின் தொன்மக் கதைகளில் வரும் அரசனின் பெயராகும்.

இக்கழகங்களுக்குத் தொலைக்காட்சி உரிமத்தால் கிடைக்கும் வருவாய் மிகக் குறைவு. உள்ளூர் நிறுவனங்களும் நகராட்சியும் பருவச் சீட்டு வாங்கும் மக்களுமே அவற்றைத் தாங்குகின்றனர். பாலென்சியா அணி சில காலம் ஒரு பாலாடைக்கட்டி நிறுவனத்தின் பெயரையும், லூகோ அணி ஒரு பால் நிறுவனத்தின் பெயரையும் தாங்கி ஆடின. வட்டாரத்தின் தொழிலும் விளையாட்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை இப்பெயர்கள் காட்டுகின்றன.

தெரியுமா?

புர்கோஸ் நகரில் 'கொலிசியம்' என்னும் கூடைப்பந்து அரங்கம் உள்ளது. காளைப்போர் நடைபெற்றுவந்த வட்டக் களத்திற்குக் கூரையிட்டு, 2015இல் அதனை அரங்கமாக மாற்றினர்.

வென்றும் ஏறாதவர்

களத்தில் வெல்வது ஒன்றே மேலேறப் போதுமானதாக நெடுங்காலம் இருந்ததில்லை. உயர்நிலைத் தொடரில் நுழையும் கழகம் பல மில்லியன் யூரோவை நுழைவுக் கட்டணமாகவும் வைப்புத் தொகையாகவும் செலுத்த வேண்டியிருந்தது. 5,000 பேர் அமரத்தக்க அரங்கமும் தேவைப்பட்டது. சிறு நகரக் கழகங்களின் ஓராண்டு வரவு செலவைக் காட்டிலும் நுழைவுத் தொகையே மிகுதியாக இருந்தது.

விளைவு வேதனைக்குரியது. புர்கோஸ் நகரின் அன்றைய அணி 2013, 2014, 2015 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மேலேறும் தகுதியைக் களத்தில் வென்றது. மூன்று முறையும் அதனால் மேலேற இயலவில்லை. 2015இல் ஒரென்சே அணிக்கும் அதுவே நேர்ந்தது. 2016இல் பாலென்சியா, மெலில்யா ஆகிய இரு அணிகளும் வென்றன. இரண்டுமே கீழேயே நின்றுவிட்டன.

இதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். மாட்ரிட் நகரப் பள்ளி ஒன்றின் மாணவர்கள் 1948இல் தொடங்கிய கழகம் எஸ்துதியாந்தெஸ். 'மாணவர்கள்' என்பதே அப்பெயரின் பொருள். 2016இல் அவ்வணி கீழிறங்க வேண்டிய இடத்தைப் பெற்றது. வென்றவர்கள் மேலே வராமையால் அது இருந்த இடத்திலேயே நீடித்தது. தோற்றவர் தங்க, வென்றவர் வெளியே நின்றனர்.

கட்டணம் கேட்டவர் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது. பொருள்வலிமை இல்லாத கழகம் மேலேறினால், நடுப்பருவத்தில் வீரர்களுக்கு ஊதியம் தர இயலாமல் தள்ளாடக்கூடும். தொடரின் நன்மதிப்பும் அதனால் குலையும். கழகத்தின் கணக்கு வழக்கை ஆராய்வது முறையே. எனினும் தகுதியை ஆராய்வது வேறு; எட்டாத விலையை வைத்து வாயிலை அடைப்பது வேறு. 2017இல் ஸ்பெயினின் வணிகப் போட்டி ஒழுங்காற்று ஆணையம், இந்நிபந்தனைகள் அளவுக்கு மீறியவை எனக் கூறி ஏ.சி.பி. சங்கத்திற்கு அபராதம் விதித்தது. அவ்வாண்டிலேயே நுழைவு நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன.

வாயில் திறந்தபின்

அதற்குப் பின் நிகழ்ந்தவை கருதத்தக்கவை. புர்கோஸில் 2015இல் தோன்றிய சான் பாப்லோ என்னும் புதிய கழகம் 2017இல் மேலேறியது. மூன்றே ஆண்டுகளில், 2020இல், ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றது; மறு ஆண்டும் அதனைத் தக்கவைத்தது. அதே அணி 2022இல் இரண்டாம் அடுக்கிற்கு இறங்க நேர்ந்தது. எனினும் அது கலைந்துவிடவில்லை. மீண்டும் வென்று 2025இல் மேலேறியது. 2017இல் சாம்பியன்ஸ் லீக் முதன்முறை நடைபெற்றபோது கோப்பையை வென்ற டெனெரீப் தீவின் அணியும், 2012 வரை இரண்டாம் அடுக்கில் ஆடிய அணியே.

ஜிரோனா நகரின் கதை வேறு வகையில் சிறப்புடையது. என்.பி.ஏ. தொடரில் 2019இல் டொரான்டோ அணியுடன் கோப்பை வென்ற மார்க் கசோல், அதற்கு ஐந்தாண்டு முன்பே ஜிரோனாவில் ஒரு கழகத்தை நிறுவியிருந்தார். 2021இல் தாயகம் திரும்பிய அவர், தாம் நிறுவிய கழகத்திற்காக இரண்டாம் அடுக்கில் களமிறங்கினார். உலகின் உச்சத்தைக் கண்டவர் சிறு அரங்கில் ஆடுவதைத் தாழ்வாக எண்ணவில்லை. 2022இல் ஜிரோனா இறுதிப் போட்டியில் வென்று மேலேறியது. அன்று தோற்ற அணி, அதற்கு முந்தைய ஆண்டு கீழிறங்கியிருந்த எஸ்துதியாந்தெஸ்.

பாலென்சியாவும் காத்திருந்தது. 2016இல் வென்றும் வாயிலில் நின்ற அந்நகரம், 2023இல் மீண்டும் வென்று உயர்நிலைத் தொடரில் நுழைந்தது. அடுத்த ஆண்டே அது கீழிறங்கியது. ஆயினும், இம்முறை அதன் ஏற்றத்தையும் இறக்கத்தையும் முடிவு செய்தது களமே.

போட்டி என்பது வென்றவர்க்கு அளிக்கப்படும் ஒரு வாக்குறுதி. அவ்வாக்குறுதி காக்கப்படும்போது, சிறு நகரத்து அணியும் துணிந்து கனவு காணும். பேரணியும் சோர்வின்றி உழைக்கும். வாயிலில் நின்று வருவோரின் தகுதியை ஆராயலாம். தகுதியுடையோர்க்கு அது திறந்தே இருத்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. 'வெற்றி மட்டுமே தகுதியாகுமா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
2. அணிகள் நிலையாக அமைந்த தொடர், அணிகள் ஏறி இறங்கும் தொடர் ஆகியவற்றின் நன்மை தீமைகளை அட்டவணைப்படுத்துக.
3. உங்கள் பள்ளியில் நடைபெறும் கூடைப்பந்துப் போட்டி ஒன்றைக் கண்டு, நாளிதழுக்கான செய்தியாக எழுதுக.