தோற்கருவிக்கு ஓர் அறை

புத்தளம் கடனீரேரிக்கும் இந்து சமுத்திரத்துக்கும் இடையே நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டில் அமைந்தது நுரைச்சோலை. அங்கு வீட்டுக் கராஜ் ஒன்றைத் தவில், றபான் முதலிய தோற்கருவிகளை ஒலிப்பதிவு செய்யும் அறையாக மாற்ற விழைவோர் முதலில் உணர வேண்டியது ஒன்றுண்டு: ஒலியைத் தடுப்பது வேறு, ஒலியைத் தணிப்பது வேறு.

அயலவரின் உறக்கத்தைக் காப்பது தடுப்பு. அதற்குப் பாரமும் நீக்கலின்மையும் வேண்டும். சுவரின் பாரம் இருமடங்கானால் தடுப்பு ஏறக்குறைய 6 டெசிபெல் கூடும். தகரக் கதவை அகற்றிச் சுவரெழுப்பி, கனத்த மரக்கதவு பொருத்துதல் நன்று. கூரைக்கடியிலும் கனத்த உட்கூரை வேண்டும். கதவின் கீழுள்ள சிறு நீக்கலே முழு உழைப்பையும் வீணாக்கவல்லது.

அறையினுள் எழும் எதிரொலியைக் குறைப்பது தணிப்பு. சுவரில் ஒட்டும் முட்டைத்தட்டுகள் இவ்விரண்டையும் செவ்வனே செய்யா. வினாடிக்கு 100 அதிர்வுடைய ஒலியலையின் நீளம் சுமார் 3.5 மீற்றர், அதன் காற்பங்கே 87 சென்ரிமீற்றர் வரை வரும். ஆதலின் மெல்லிய பஞ்சு தாழ்ந்த நாதத்தைத் தணிக்காது. மூலைகளில் மிகத் தடிப்பாக அடுக்கிய தென்னந்தும்பு ஓரளவு உதவும்; தென்னை மிகுந்த புத்தளம் மாவட்டத்தில் அது கிடைத்தற்கரிய பொருளன்று.

எனினும், காற்றுப் புகாத அறையில் வெப்பம் ஏறும். கடலோர ஈரக்காற்றிலோ தோல் தளர்ந்து சுருதி இறங்கும். எனவே, உட்புறம் தும்பு பதித்து வளைத்து அமைத்த காற்றுவழி இன்றியமையாதது. வெளியே அயலவர் துயில, உள்ளே கருவி தன் இயல்பான குரலில் ஒலிக்குமாயின், செலவிட்ட பணம் வீண்போகவில்லை எனலாம்.