பதிவாளரை நீக்கினால் பெயர் யாருக்கு?

2011 ஜனவரி இறுதியில் ரோஹாதிரெக்தா என்ற ஸ்பானிய விளையாட்டுத் தளத்தின் டாட் காம் பெயரை அமெரிக்க அரசு பறிமுதல் செய்தது. அந்தத் தளம் சட்டவிரோதமானதல்ல என்று ஸ்பெயின் நீதிமன்றங்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தும் பயனில்லை. டாட் காம் பெயர்களின் மூலப் பட்டியலைப் பராமரிக்கும் வெரிசைன் ஓர் அமெரிக்க நிறுவனம். அங்கே ஒரு வரியை மாற்றினால் போதும். 2012 ஆகஸ்டில் வழக்கைக் கைவிட்டுப் பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள். இப்படிப் பட்டியலைக் காக்கும் பதிவாளரே இல்லாத பெயர்முறை வேண்டும் என்று கேட்பவர்களின் அச்சம் வீண் அச்சமல்ல என்பதற்கு இந்த ஒரு வழக்கே போதும். ஆனால் பதிவாளர் செய்வது பட்டியலைக் காக்கும் வேலை மட்டும்தான் என்று அவர்கள் எண்ணிவிட்டார்கள். அங்கேதான் கணக்கு பிசகியது.

அதே 2011 ஏப்ரலில் வந்த நேம்காயின் என்ற பெயர்முறை இதற்கு நல்ல சான்று. மனிதர் வாசிக்கக்கூடியதாகவும், மோசடிக்கு இடம் தராததாகவும், மையம் இல்லாததாகவும் ஒரு பெயர் ஒருசேர இருக்க முடியாது என்று 2001இல் வாதிட்டவர் கணினியியலாளர் ஜூகோ வில்காக்ஸ். பிட்காயின் நிரலிலிருந்து கிளைத்த நேம்காயின் மூன்றையும் சேர்த்தே செய்துகாட்டியது. அதன் டாட் பிட் பெயர்ப் பட்டியலின் நகலை யாரும் தம் கணினியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் பதிபவருக்கே பெயர். உரியவரின் ரகசியச் சாவி இல்லாமல் அதை மாற்ற முடியாது. பொறியியலாக இது வெற்றிதான். ஆனால் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் அந்தப் பட்டியலைப் புரட்டியபோது, பதிவாகியிருந்த ஏறத்தாழ 1,20,000 பெயர்களில், பதுக்கல் அல்லாமல் உருப்படியான உள்ளடக்கத்தோடு இருந்தவை 28 மட்டுமே. பெரிய நிறுவனங்களின் பெயர்களையும் பொதுச்சொற்களையும் முந்திக்கொண்டவர்கள் வளைத்துப் போட்டிருந்தார்கள். வழக்கமான டொமைன் உலகில் வணிகக்குறிக்கு உரியவர் முறையிட 1999 முதல் ஒரு நடைமுறை இருக்கிறது. இங்கே முறையிட ஆளில்லை. சாவியைத் தொலைத்தவருக்கும் அதே கதிதான்.

விலை மலிவாக இருந்ததுதான் கோளாறு, கட்டணத்தை உயர்த்தினால் பதுக்கல் குறையும் என்பார்கள். நியாயமான வாதம். 2017இல் எத்தீரியம் என்ற பிளாக்செயினின் மேல் தொடங்கிய டாட் இடிஎச் பெயர்முறை அப்படித்தான் செய்கிறது: ஐந்தெழுத்தும் அதற்கு மேலும் ஆண்டுக்கு 5 டாலர், நான்கெழுத்துக்கு 160, மூன்றெழுத்துக்கு 640. இந்தத் தொகையை எந்தக் கணிதமும் தந்துவிடவில்லை; மனிதர்கள் கூடி முடிவு செய்தார்கள். 2021 நவம்பர் முதல் அந்த அதிகாரம் அந்தப் பெயர்முறையின் டோக்கன் வைத்திருப்பவர்களின் வாக்குக்குப் போயிற்று. அதிக டோக்கன் இருந்தால் அதிக வாக்கு. வாசல்வழி அனுப்பிய பதிவாளர் கொல்லைவழி திரும்பிவிட்டார், இம்முறை பங்குதாரர் வேடத்தில்.

உலகம் முழுதுக்கும் ஒரே பெயர், அது ஒருவருக்கே என்ற நிபந்தனை இருக்கும்வரை இந்தத் தகராறு தீராது என்பது என் கணிப்பு. 2023இல் ஆர்எஃப்சி 9498 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியான குனு பெயர்முறை அந்த நிபந்தனையையே விட்டுவிடுகிறது. கைபேசியில் நான் 'அம்மா' என்று பதிந்த எண் வேறு, நீங்கள் பதிந்த எண் வேறு, இரண்டும் மோதுவதில்லை. அதுபோல அவரவர் பெயர் அவரவருக்கு. சுவரொட்டியில் அச்சிட உதவாதே என்ற ஆட்சேபம் சரியானது. கடை விளம்பரத்துக்குப் பழைய முறையே போதும். தணிக்கைக்குத் தப்ப வேண்டியவர்களோ அழகான பெயருக்காகக் காத்திருக்கவில்லை. பிபிசி 2019 அக்டோபரில், தணிக்கையைத் தாண்ட உதவும் டோர் வலையமைப்பில் தன் செய்தித் தளத்தைத் திறந்தது. அங்கே முகவரி என்பது சாவியிலிருந்து பிறக்கும் எழுத்துக் குவியல், இப்போதைய வடிவில் 56 எழுத்துகள். அதை யாரும் மனப்பாடம் செய்வதில்லை, நகலெடுத்து ஒட்டுகிறார்கள்.