முகநூல் காட்டாத செய்தியையும் தவறவிடாமல் படிக்கலாம்

செலண்டார் – உபகாரச் சம்பள விண்ணப்பம், தமிழ்ப்பள்ளி அறிவிப்பு, கோயில் திருவிழா என எல்லாவற்றுக்கும் தோட்டத்திலும் பட்டணத்திலும் நம்மில் பலர் முகநூலையே நம்பியிருக்கிறோம். ஆனால், அங்கு எது முதலில் தெரிய வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்நிறுவனத்தின் கணினி நிரல்தான். விண்ணப்ப நாள் முடிந்த பிறகு அறிவிப்பு கண்ணில் படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு மாற்று வழி புதிதல்ல. 1999-இல் அறிமுகமான ஆர்.எஸ்.எஸ். எனும் செய்தியோடை, ஓர் இணையத்தளத்தின் புதிய பதிவுகளை அப்படியே நம்மிடம் கொண்டுவரும். 2004-இல் தொடங்கிய ‘தமிழ்மணம்’ தமிழ் வலைப்பதிவுகளை இவ்வாறுதான் ஓரிடத்தில் திரட்டியது. 2013-இல் கூகள் தனது ஓடை வாசிப்பானை மூடிய பின் பலர் இதை மறந்துவிட்டனர். ஓடைகளோ நிற்கவில்லை.

2016-இல் வந்த ‘மாஸ்டடான்’ எந்த ஒரு நிறுவனத்தின் பிடியிலும் இல்லாத சமூக ஊடகம். மின்னஞ்சலைப் போல, வெவ்வேறு சேவையகங்களில் இருப்போரும் ஒருவரையொருவர் பின்தொடரலாம். அங்குள்ள பொதுக் கணக்கின் முகவரியோடு ‘.ஆர்.எஸ்.எஸ்’ என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்தில் சேர்த்தால் அதன் ஓடை கிடைக்கும். நாம் கணக்குத் திறக்க வேண்டியதில்லை.

செய்வது எளிது. ‘ஃபீட்லி’ போன்ற வாசிப்புச் செயலியைக் கைப்பேசியில் பதிவிறக்கி, விரும்பும் தளத்தின் முகவரியைச் சேர்த்தால் போதும்.

ஆனால், முகநூலில் மட்டும் வரும் அறிவிப்புக்கு ஓடை இல்லை. எனவே, நம் இயக்கங்களும் ஆலயங்களும் அறிவிப்புகளைச் சொந்த இணையத்தளத்திலும் வெளியிடுவது அவசியம்.