தாதியர் பரீட்சையும் தெளிந்த மதியும்

மட்டக்களப்பு வாவிக்கரையில் தாதியர் பயிற்சி முடித்தோருள் கடல் கடந்து பணியாற்ற விழைவோரும் உளர். அமெரிக்க ஐக்கிய நாட்டில் அவர்கள் பதிவுபெற வேண்டுமாயின், ‘என்க்ளெக்ஸ்’ என்னும் பரீட்சையில் தேறுதல் வேண்டும். அஃது எத்தகையது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1994ஆம் ஆண்டு முதல் இப்பரீட்சை கணினி வாயிலாக நிகழ்கின்றது. செவ்வனே விடையிறுப்போர்க்கு அடுத்த வினா கடினமாகும், தவறுவோர்க்கு எளிதாகும். எனவே, வினாக்கள் கடுமையுறுதல் கண்டு உளந்தளர்தல் வேண்டா. 2023ஆம் ஆண்டில் வகுத்த முறைப்படி, வினாக்கள் 85க்குக் குறையா, 150க்கு மிகா. கால எல்லை ஐந்து மணி நேரம்.

இப்பரீட்சை சிறப்பாக நாடுவது மனனத்தை அன்று, மதிநுட்பத்தையே. நம் பகுதியார் நன்கறிந்த டெங்குக் காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் நாள் காய்ச்சல் தணிகின்றது. ஆயின் கைகால்கள் குளிர்கின்றன, நாடி விரைகின்றது, வயிற்றுவலி நீங்கவில்லை. நோயாளி தேறிவிட்டார் எனக் கருதலாமா? கருதின் உயிருக்கே கேடு நேரும். குருதிக் குழாய்களினின்றும் நீர் கசிந்து, அதிர்ச்சி நிலை அணுகுகின்றது என்றுணர்ந்து, மருத்துவரை உடனே அழைப்பவளே நற்றாதி.

ஆதலின், பயிலுங்கால் சரியான விடையை அறிவதோடு அமையாது, ஏனைய விடைகள் ஏன் பொருந்தா என்பதையும் வினவுதல் வேண்டும். வைத்தியசாலையில் நோயாளியின் அருகிருந்து கற்றதை நினைவுகூர்தலும் வேண்டும். முதன்முறை தவறினும், குறைந்தது 45 நாள்கள் கழித்து மீண்டும் எழுதலாம். இங்ஙனம் பயின்று பெற்ற தெளிவு, பரீட்சை முடிந்த பின்னரும் நோயாளியைக் காக்கும்.