மலைப்பாதையில் ஓடும் பெண்கள்

மலைப்பாதைகளில் நெடுந்தூரம் ஓடுவது இன்று உலகின் பல நாடுகளில் ஒரு விளையாட்டாக வளர்ந்துள்ளது. மரதன் ஓட்டத்தின் தூரம் 42 கிலோமீற்றர். மலையோட்டத்திலோ 50, 100 கிலோமீற்றர், சிலவேளை அதற்கும் மேலாகக் காட்டு வழியிலும் கற்பாதையிலும் ஓட வேண்டும். இது ஆண்களின் உடல்வலுவுக்கே உரியது என்ற எண்ணத்தைப் பெண்கள் பொய்யாக்கியுள்ளனர்.

நேபாளத்தின் போஜ்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த மீரா ராய், சிறுவயதில் அரிசி மூட்டை சுமந்து மலை ஏறி இறங்கியவர். 14 வயதில் மாவோவாதிகளின் படையில் சேர்ந்தவர். 2014 இல் காத்மண்டு மலைகளில் நடந்த 50 கிலோமீற்றர் ஓட்டத்தில் எவ்வித ஆயத்தமுமின்றிக் கலந்து வென்றார். அடுத்த ஆண்டே பிரான்சில் மோன் பிளாங் 80 கிலோமீற்றர் ஓட்டத்தில் பெண்களில் முதலிடம் பெற்றார். பிரித்தானியாவின் ஜாஸ்மின் பாரிஸ், 2019 இல் சுமார் 430 கிலோமீற்றர் தூரமுள்ள 'ஸ்பைன்' ஓட்டத்தில் ஆண்கள் அனைவரையும் முந்தினார். அப்போது அவர் கைக்குழந்தையின் தாய். தரிப்பிடங்களில் தாய்ப்பாலைப் பீச்சி எடுத்துவிட்டே ஓட்டத்தைத் தொடர்ந்தார்.

எமது மலையகத்திலும் இவ்வார்வம் துளிர்த்துள்ளது. 2024 இல் ஊவா மலைப்பகுதியில் நடந்த 24 கிலோமீற்றர் ஓட்டமொன்றில் நானும் எமது மாதர் சங்கத்து யுவதிகள் மூவரும் பங்குபற்றினோம். அவர்களுக்கு வீட்டில் அனுமதி பெறுவதே பெரும்பாடாயிற்று. "ஞாயித்துக்கெழம கைக்காசுக்குப் போனா நாலு காசு வரும். இதுல என்னா வரும்?" என்று ஒரு தாய் கேட்டார். அது நியாயமான கேள்வியே. இழக்கும் வருமானத்தைச் சங்கத்தின் சேமிப்பிலிருந்து கொடுப்பதெனத் தீர்மானித்த பின்னரே அவர் சம்மதித்தார்.

ஏற்றம் தொடங்கியதும் நகரத்திலிருந்து வந்த பலர் மூச்சிரைத்து நின்றனர். மூன்று வருடங்களாகக் கொழுந்தெடுக்கும் அப்பெண்ணோ குறுகிய அடிகளாக வைத்து, ஒரே சீராக ஏறினாள். "எட்டி வைக்காதீங்க அக்கா, தொடை புடிச்சுக்கும்" என்று எனக்கும் சொல்லித் தந்தாள். இறக்கத்தில் என் முழங்கால்கள் நடுங்கின. அவள் எனக்கு நாற்பது நிமிடம் முன்னதாகவே ஓடி முடித்திருந்தாள்.

வழியில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, "இதுக்கு எவ்வளவு சம்பளம்?" என்று கேட்டார். நாங்கள்தான் பணம் கட்டி ஓடுகிறோம் என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "நாங்க தெனமும் கூடையோட ஏறுறோம், ஒருத்தரும் கை தட்டலியே" என்றார் இன்னொருவர்.

அந்தச் சிரிப்புக்குள் ஒரு சமூக உண்மை இருக்கிறது. இலக்கத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு ஏறினால் அது சாதனை. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறினால் அது வெறும் கிலோக் கணக்கு. ஓட்டக்காரர்களுக்காக ஆறு கிலோமீற்றருக்கு ஓரிடத்தில் குடிநீரும் தற்காலிக மலசலகூடமும் வைத்திருந்தார்கள். அன்று மாலையே அவை அகற்றப்பட்டன. மறுநாள் அதே மலையில் நாள் முழுதும் நின்ற பெண்களுக்கு அவை இல்லை. ஒருநாள் செய்ய முடிந்ததை ஏன் எல்லா நாளும் செய்ய முடியாது?

கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கும் அதிகமாகச் செல்லும் 'பீக்கோ டிரெயில்' நடைபாதையும் தேயிலைத் தோட்டங்களினூடாகவே செல்கிறது. இப்பாதைகளில் வருவோருக்கு வழிகாட்டவும் உணவு வழங்கவும் தோட்டத்து யுவதிகளுக்கு முதலிடம் கிடைக்க வேண்டும்.

ஓட விரும்பும் சகோதரிகள் சிறுதூரத்தில் தொடங்குங்கள். ஏற்றத்தில் நடப்பது இழுக்கல்ல, தேர்ந்தவர்களும் நடக்கிறார்கள். தாகம் எடுத்தபோதெல்லாம் நீர் அருந்துங்கள், உப்புச் சேர்ந்த உணவையும் எடுத்துக்கொள்ளுங்கள். தனியே செல்லாமல் இருவர் மூவராகச் செல்லுங்கள். தாய்மாரே, ஓட ஆசைப்படும் மகளைத் தடுக்காதீர்கள். அந்த வலிமை உங்களிடமிருந்து வந்ததுதான்.